மெஷினை ஓட்டிப் பார்த்தது

வாங்கப் போகிறவன் முதலில் பொருளைக் குறை சொல்ல வேண்டும் என்பது நூல் வியாபாரி பொங்கியண்ணனுக்குத் தொட்டிலிலேயே தெரியும். மூச்சுக்குத் திணறும் தன் அப்பாவுக்காக, பழைய ஆக்ஸிஜன் மெஷின் ஒன்றை விலை பேசத் தறிக்காரர் சென்னியப்பன் வீட்டுக்கு வந்திருந்தார்.

“கரண்டைக் குடிச்சுப்போடுமாட்ட இருக்குதுங்களே! இதுக்கு ஒரு எருமை வாங்கிக் கட்டலாம், தீனி கம்மி.”

“எருமை விடுற மூச்சு உங்கப்பாவுக்கு ஏறாதுங்க,” என்றார் சென்னியப்பன்.

இந்த மெஷினை வைத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. வைத்தியத்துக்காக மூன்று தறிகளை விற்றாயிற்று. பக்கத்துக் கொட்டகையில் மிச்சமிருந்த ஒன்றை மகள் கோகிலா ஓட்டிக்கொண்டிருந்தாள். இந்த மெஷின் நல்ல விலைக்குப் போனால், விற்ற தறிகளில் ஒன்றையாவது மீட்கலாம்.

“செரி, போட்டுக் காட்டுங்க.”

மெஷின் புஸ்ஸென்று ஓடத் தொடங்கியது. உடனே சென்னியப்பன் எழுந்து ஃபேனை நிறுத்தினார், லைட்டை அணைத்தார், ஃபிரிட்ஜின் ஒயரையும் பிடுங்கினார்.

“ஏனுங்க, இந்த வேக்காட்டுல ஃபேனை எதுக்கு நிறுத்துறீங்க?”

“இது ஓடுறப்ப வேற எதையும் ஓட்ட மாட்டோமுங்க. பில்லு தாங்காது,” என்றவர், ஒயரைப் பிடித்திருந்த தன் கையையே பார்த்தார்.

அடிமாட்டு விலைக்குக் கேட்கலாம் என்று வந்திருந்த பொங்கியண்ணன், அந்த விலையை மனசுக்குள்ளேயே அழித்துவிட்டார்.

அப்போது கொட்டகையில் தறிச் சத்தம் சட்டென்று நின்றது. வீட்டில் லைட் அணைந்ததைக் கண்டு கோகிலா பஞ்சு ஒட்டிய தலையோடு ஓடி வந்தாள்.

“அம்மாவுக்கு மறுபடியும் இழுக்குதாப்பா?” என்று கேட்டுவிட்டு, சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கட்டிலைப் பார்த்தாள்.