கோமளைக்கு எட்டு நிமிடம்

"பக்கத்துல உக்காரட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மதுமதி உட்கார்ந்துவிட்டாள்.

ராசிபுரத்திலிருந்து கிளம்பிய நாமக்கல் பேருந்தில் வேறு இடமும் இல்லை.

ரஞ்சனி ஜன்னலோரம் ஒண்டிக்கொண்டாள். மூன்று வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. படிப்பது நாமக்கல்லில்தான், வேறு வேறு கல்லூரி. ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதிக்குத் திரும்பும்போது இவள் நாலு மணி வண்டியைப் பிடித்தால் அவள் அடுத்த வண்டியில் வருவாள். இன்று நாலு மணி வண்டி வரவேயில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் ரஞ்சனி ஒரு நோட்டில் ரகசியமாகக் கதை எழுதினாள். உயிர்த்தோழி மதுமதிக்கு மட்டும் காட்டினாள். மதுமதி அதைக் கொண்டுபோய்த் தமிழாசிரியையிடம் கொடுத்தாள். அவர் மகிழ்ந்துபோய்க் காலை வழிபாட்டில் மைக்கில் வாசித்தார்.

‘பாலாடை போன்ற கன்னங்களை உடைய இளவரசன்’ என்ற இடத்தில் அறுநூறு பேர் சிரித்தார்கள்.

பொதுத்தேர்வு முடியும்வரை ரஞ்சனிக்குப் பாலாடை என்றே பெயர்.

அதற்குத்தான் ஒன்றரை வருடமாகப் பழிவாங்கிக்கொண்டிருந்தாள். கைப்பேசியில், ‘காரிருள்’ என்ற புனைபெயரில், வாரம் ஒரு அத்தியாயமாக.

யாளிகள் திரியும் ஒரு நாடு. தோழி கோமளையின் துரோகத்தால் எல்லாவற்றையும் இழந்த இளவரசி வஞ்சி, சமையல்காரி வேடத்தில் தன் அரண்மனைக்குள்ளேயே நுழைந்து அவளைத் தேடுகிறாள். கோமளைக்கு முன்பற்களுக்கு நடுவே இடைவெளி உண்டு. தும்மினால் மூன்று முறை தும்முவாள். கேட்காமல் அடுத்தவர் சாப்பாட்டிலிருந்து முட்டையை எடுத்துத் தின்பாள். கதையில் அது யாளி முட்டை.

நாலாயிரம் பேர் படித்தார்கள். காரிருள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது.

இன்று ஐந்து மணிக்கு, தானாகவே வெளியாகும்படி வைத்திருக்கும் அத்தியாயத்தில், கோமளையின் தலை உருளப்போகிறது.

மதுமதி மூன்று முறை தும்மிவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள். திரையில் யாளி.

"இந்தத் தொடர்கதை படிக்கறயா?"

ரஞ்சனி இல்லையென்று தலையாட்டினாள். இந்த நாளை அவள் எத்தனை முறை கற்பனை செய்திருக்கிறாள்.

"படிச்சுப் பாரு. அதுல வர்ற வஞ்சி அப்படியே நாந்தான்."

தனக்குத்தான் சரியாகக் காது கேட்கவில்லை என்று ரஞ்சனி நினைத்தாள்.

"கோமளைன்னு ஒருத்தி வாரா. அவ வர்றப்பல்லாம் உன் ஞாபகந்தான். தப்பா எடுத்துக்காத."

"நான் என்னடி பண்ணுனேன்?"

மதுமதி முன்சீட்டுக் கம்பியைப் பார்த்தபடி சொன்னாள். "என் தலை பூராப் பேனுன்னு கிளாஸ்ல சொன்னீல்ல. ரெண்டு மாசம் தனி பெஞ்சு. ஊட்டுல அம்மாவும் நம்பி, முடிய ஒட்ட வெட்டி உட்டுருச்சு. குரூப் போட்டோவுல நான் மட்டும் பழனிக்குப் போய்ட்டு வந்தவளாட்டம் நிப்பேன்."

மதுமதி சொன்னது உண்மைதான். வழிபாட்டில் வாசித்த மறுநாள், ஆத்திரத்தில், ரஞ்சனி இரண்டு பேரிடம் அப்படிச் சொன்னாள். இரண்டு பேர்தான்.

எழுபத்தாறு அத்தியாயம் எழுதியவளுக்கு அது ஒரு வரிக்குக்கூட ஞாபகம் வந்ததில்லை.

"அப்ப அந்தக் கோமளை சாகோணும்ங்கற."

"இல்லடி. கொன்னுடாதீங்கன்னு வாராவாரம் கமெண்ட் போட்டுட்டு இருக்கேன். செத்துட்டா அப்பறம் யாருகூடச் சண்ட போடறது?"

அப்படி ஒரு வாசகி இருந்தாள். ‘தேன்சிட்டு’ என்று பெயர். ‘கோமளை பாவம், விட்டுவிடுங்கள்’ என்று வாரந்தவறாமல் எழுதுவாள். அந்த ஒரு ஆளுக்கு மட்டும் காரிருள் பதில் போட்டதே இல்லை.

மணி நாலு ஐம்பத்திரண்டு. புதுச்சத்திரம் தாண்டியிருந்தது.

ரஞ்சனி கைப்பேசியை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து அத்தியாயத்தைத் திறந்தாள். முதல் வேலையாக உருண்ட தலையை அழித்தாள். ஆனால் கொலையாளி வாளை ஓங்கியபடி நின்றான். அவனை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவன் கையில் சுளுக்கு வரவைத்தாள்.

வேகத்தடையில் பேருந்து தூக்கிப்போட்டது. சுளுக்கு, சுழுக்காகிவிட்டது. திருத்த நேரமில்லை.

"யாருக்கு இத்தன அவசரமா மெசேஜு?"

"ஹாஸ்டல் வார்டனுக்கு."

வஞ்சி சமையல்காரி வேடத்தைக் கலைத்தாள். கோமளையின் முன்னால் மண்டியிட்டாள். அதற்குப் பிறகு அவள் சொல்ல வேண்டியதை ரஞ்சனி ஒரே மூச்சில் தட்டினாள். சேமித்தபோது ஐந்தடிக்க ஒரு நிமிடம்கூட இல்லை.

மதுமதியின் கைப்பேசி டிங் என்றது.

அவள் உதடசைத்துப் படிப்பவள். சிரித்தாள், சுளுக்கு வந்த இடமாக இருக்கும். பிறகு உதடு நின்றுவிட்டது.

‘கோமளை, உன் தலையில் பேன் இருந்ததே இல்லை. நான்தான் பொய் சொன்னேன். மன்னித்துவிடு.’

திரையை மேலே தள்ளி மறுபடி படித்தாள். ரஞ்சனி சாலையோரத்துக் கோழிப்பண்ணைகளை எண்ணுகிறவள் போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதுமதி திரும்பிப் பார்க்கவில்லை. எதையோ தட்டிவிட்டுக் கைப்பேசியைப் பைக்குள் போட்டாள்.

ரஞ்சனியின் மடியில் அதிர்ந்தது.

‘தேன்சிட்டு: எழுத்துப்பிழை நிறைய இருக்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்து எழுதினால் அப்படித்தான்.’