தொண்ணூறு டிகிரி

மூட்டு மாற்றிய முழங்கால் இன்று தொண்ணூறு டிகிரி மடங்காவிட்டால், மறுபடி மயக்க மருந்து கொடுத்து அமுக்கி மடக்க வேண்டியிருக்கும் என்று சர்ஜன் சொல்லியிருந்தார். ஓய்வுபெற்ற கண்டக்டரின் தொடையிலும் கெண்டைக்காலிலும் பிசியோதெரபிஸ்ட் பெண் சென்சார் பட்டைகளைக் கட்டினாள். ஒரு வாரமாக வீட்டிலும் அவர் கட்டியிருந்த பட்டைகள் அவை. திரையில் கோடுகளால் ஆன மனிதன் ஒருவன் படுத்திருந்தான். அவர் மடக்கினால் அவனும் மடக்குவான்.

"வீட்டுல தினமும் மத்தியானம் ஜோரா நடந்திருக்கீங்களே சார்!" என்றாள், பட்டைகளில் பதிவாகியிருந்ததைத் திரையில் பார்த்து.

"இவரா?" கதவருகே நாற்காலியில் இருந்த மனைவி சிரித்தாள். "கட்டிலை விட்டு இறங்கினாத்தானே! படுத்துக்கிட்டே, பஸ்ல ஆளுங்களை விரட்டின மாதிரி என்னைத்தான் விரட்டுறாரு."

"சும்மா இருடி. வலி எனக்குல்ல தெரியும்."

பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினார். அறுபதைத் தாண்டவில்லை.

"சர்ஜன்கிட்ட கொஞ்சம் கூட்டிச் சொல்லும்மா."

"மெஷின்ல இருக்கிறதைத்தான் சார் சொல்ல முடியும்."

பிசியோதெரபிஸ்ட் பட்டைகளை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள்.

திரையில் எண் ஏறியது. எழுபது. எண்பத்தைந்து. தொண்ணூற்றைந்து. கட்டிலில் அவர் கால் நீட்டியபடியே கிடந்தது.

"போதும்மா, மடக்காதே, வலி தாங்கல" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு முனகினார். அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டாள். இரண்டும் மேசைமேல்தான் இருந்தன.

கோட்டு மனிதன் எழுந்து உட்கார்ந்தான். இறங்கினான். நொண்டாமல் கதவுப் பக்கமாக நடந்தான்.

கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்த மனைவி, தலை நிமிராமலே, வழிவிடுவதுபோலக் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டாள்.