ஆஸ்பத்திரித் தோட்டம்

"செடி கதையைச் சொல்லி மானத்தை வாங்கிடாதே, ஆமா!"

சித்தப்பா டையை இழுத்துச் சரிசெய்தபடியே வாலுவின் காதில் முணுமுணுத்தார்.

"வேற என்ன கதை இருக்கு சித்தப்பா? நீங்களே ஒண்ணு எடுத்துக் கொடுங்க. உங்க அம்மாதானே!"

சித்தப்பா டை முடிச்சை இன்னும் இறுக்கினார்.

வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற வயதாகியும் அவளுக்கு வீட்டில் வாலு என்ற பெயர் போகவில்லை. வைத்தது பாட்டி. அந்தப் பாட்டிக்குத்தான் இன்று நினைவுக் கூட்டம். பாட்டி காலமெல்லாம் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியின் கூட்ட அறை நிரம்பி வழிந்தது. கூட வேலை பார்த்தவர்கள், பாட்டி கையால் பிழைத்து எழுந்தவர்கள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள்.

குடும்பத்தின் சார்பில் வாலு பேச வேண்டும். வந்திருப்பவர்களுக்குத் தெரிந்தது கெட்டிக்கார நர்ஸ். வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்ததோ ஒரு செடிப் பைத்தியம். "நோயாளி சமாச்சாரமெல்லாம் செருப்போட வாசல்லயே நிக்கணும்" என்பாள் பாட்டி. அதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியாது. உளறிக் கொட்டிப் பாட்டியை நாலு பேர் சிரிக்கும்படி ஆக்கிவிடுவோமோ என்று வாலுவுக்குப் பயமாக இருந்தது.

பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மேடை ஏறினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். எங்க பாட்டியை எனக்கு நர்ஸா தெரியாதுங்க. தோட்டக்காரியாத்தான் தெரியும்."

சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"மொட்டைமாடியில தக்காளிச் செடிக்கு சலைன் பாட்டில்ல சொட்டுச் சொட்டா தண்ணி விடுவாங்க. கத்தரிக்காயைத் தொட்டுப் பார்த்து, 'லேசா சுடுதே'ன்னு கவலைப்படுவாங்க. நல்லா காய்ச்ச செடியைத் தட்டிக்கொடுத்து, 'நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்'பாங்க. அது எந்த வீட்டுக்குப் போகும்?"

சிரிப்பு கிளம்பியது. வாலுவுக்குத் தைரியம் வந்தது.

"ஆனா வீட்டுத் தோட்டத்தைவிட இந்த ஆஸ்பத்திரித் தோட்டத்து மேலதான் அவங்களுக்கு உசிரு. வேலை முடிஞ்சு வந்து தட்டுக்கு முன்னாடி உட்கார்ந்ததும் தோட்டத்துச் செய்தி வாசிப்பாங்க. இங்க ஒரு தொட்டாற்சிணுங்கி இருந்துச்சாம். பார்க்க முரட்டு வளர்த்தி. ஆனா மருந்தோட கிட்ட போனாலே சுருண்டுக்குமாம். பாட்டி ஒரு பாட்டை எடுத்துவிட்டு, அது மயங்கி நிக்கிற நேரமா பார்த்து மருந்தைக் கொடுத்துட்டு ஓடி வந்துடுவாங்களாம். பாட்டி பாடினா எங்க வீட்டுப் பூனையே வெளிநடப்பு செய்யும். அந்தச் செடி எப்படித் தாங்கிச்சோ, பாவம்!"

அறை குலுங்கியது. கடைசி வரிசையில் ஒரு பெரிய மீசைக்காரர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். கதை இவ்வளவு எடுபடும் என்று வாலு நினைக்கவே இல்லை.

"அப்புறம் ஒரு பூசணிக்கொடி. படுத்த இடத்தைவிட்டு அசையக் கூடாதாம். எங்க பிஞ்சு உதிர்ந்துடுமோன்னு பாட்டிக்கு மாசக்கணக்கா தூக்கம் இல்ல. ஒருநாள் மிட்டாய்ப் பொட்டலத்தோட ஓடி வந்து, 'பூசணிக்கொடி காய்ச்சிருச்சு!'ன்னு தெரு முழுக்கக் கொடுத்தாங்க. 'ஒரு பூசணிக்காய்க்கா இந்த ஆர்ப்பாட்டம்?'னு மளிகைக்கடைக்காரர் கேட்டார். 'ஒண்ணு இல்லய்யா, ரெண்டு!'ன்னு விரலை ஆட்டிக் காட்டினாங்க."

சித்தப்பாவே சிரித்துவிட்டார். தம் ஆபீஸர் பதவி ஞாபகம் வந்து இருமலாக மாற்றிக்கொண்டார்.

"ஒரே ஒருநாள்தான் செய்தி வாசிக்கல. 'முல்லைக்கன்னு போயிடுச்சு'ன்னு மட்டும் சொன்னாங்க. சாப்பிடல. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க. 'ஒரு செடிக்கா பாட்டி இந்த அழுகை? கடையில வேற வாங்கிக்கலாமே!'ன்னு நான் கேலி பண்ணேன். என் தலையைத் தடவிக்கொடுத்தாங்க. அவ்வளவுதான்."

அறை சட்டென்று அடங்கிவிட்டது. வாலு பதறிப்போய்ப் பேச்சை மாற்றினாள்.

"ஐயோ, அழுமூஞ்சிக் கதையெல்லாம் வேணாம்! எனக்கு ஒரு ஆசைங்க. கெஞ்சிக் கேட்டும் பாட்டி அந்தத் தோட்டத்தை எங்க யாருக்கும் காட்டினதே இல்ல. இன்னிக்காவது ஒருதடவை பார்த்துட்டுப் போறோமே?"

முன்வரிசையில் இருந்த தலைமை நர்ஸ் எழுந்தார்.

"தோட்டமா? எந்தத் தோட்டம்மா? பின்னாடி வண்டி நிறுத்தற சிமெண்டுத் தரைதான் இருக்கு. அதுல ஒரு புல்லுகூட முளைச்சதில்லையே!"

சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். மானம் கப்பலேறிவிட்டது. வாலு மைக்கைப் பிடித்தபடி திருதிருவென்று விழித்தாள்.

அப்போது கடைசி வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. மீசைக்காரர் எழுந்து நின்றார். வாசலையே அடைக்கிற உடம்பு.

"அந்தத் தொட்டாற்சிணுங்கி நான்தாங்க" என்றார், தலையைச் சொறிந்துகொண்டே. "ஊசின்னா எனக்கு இப்பவும் ஆகாது. அந்தப் பாட்டு மட்டும் காதுலயே நிக்குது."

அவருக்கு இரண்டு வரிசை முன்னால், அச்சில் வார்த்தது போல ஒரே முகம் கொண்ட இரண்டு பெண்கள் தங்கள் அம்மாவைப் பிடித்து எழுப்பினார்கள்.

"பூசணிக்கொடி!" என்று சித்தப்பா டையை மறந்து கத்தினார்.

"அப்போ நான் என்ன செடிம்மா? கால் உடைஞ்சு வந்தேனே!" "என்னைக் கள்ளின்னுதான் சொல்லியிருப்பாங்க, அவ்வளவு சண்டை போட்டிருக்கேன்!" என்று கூச்சலும் சிரிப்புமாக ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். முல்லைக்கன்று மட்டும் எழவில்லை.