சுவருக்கு அந்தப் பக்கம்

"நீ படம் எடுக்க வந்தியா, என்னைத் தடுக்க வந்தியா?" என்றாள் அக்கா.

குனிந்தபடிதான் சண்டை போட முடிந்தது. நிமிர்ந்தால் பாறை இடிக்கும்.

பல நூறு வருடங்களுக்கு முன்பே கைவிடப்பட்ட தங்கச் சுரங்கம் அது. அங்கே நடந்த அகழாய்வுக்கு அக்காதான் தலைவி. நான் புகைப்படக்காரன், அன்றுவரை வீட்டிலும் வேலையிலும் அவள் கிழித்த கோட்டைத் தாண்டாதவன்.

எங்கள் எதிரே, பாதையை அடைத்துக்கொண்டு ஒரு கல் சுவர்.

தங்கம் திருடிய கூலியாட்களை முதலாளி உயிரோடு உள்ளே வைத்துச் சுவர் எழுப்பிவிட்டான் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அக்கா அதை நம்பினாள். பேட்டிகளில் சொன்னாள். அருங்காட்சியகத்தில் பலகைகூட மாட்டியாகிவிட்டது.

கூரையில் விரிசல் கண்டிருந்தது. நான் தடுத்தது அதனால்தான். மறுநாள் சுரங்கத்தின் வாயை அடைத்துவிடப் போகிறார்கள். பாதுகாப்புப் பொறியாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஜாக்கிரதை'. காலையிலிருந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மேடம், ஜாக்கிரதை. சாயங்காலத்தோட சரி."

"அவங்களை உள்ள விட்டுட்டு நான் மேல வரமாட்டேன் சார்."

சுவரின் ஓரத்தில் மட்டும் கற்களைப் பிரித்தாள். ஒவ்வொரு கல்லுக்கும் சாக்கட்டியால் எண், ஒரு படம், அப்புறம்தான் கை வைப்பாள். நேரம் கழுத்தை நெரித்தாலும் அந்த முறையை விட்டுக்கொடுக்கவில்லை.

மேலேயிருந்து பொடி உதிர்ந்தது. ஜாக்கிரதை பேச்சையே நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சில கற்களின் பின்புறம் களிமண் ஒட்டியிருந்தது. அக்கா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

ஆள் நுழையும் அளவுக்கு வழி கிடைத்ததும் அவள் முதலில் போனாள். கேமராவை அணைத்துக்கொண்டு நானும் ஊர்ந்தேன்.

ஒரே ஒருவர்தான் இருந்தார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்த வாக்கில் எலும்புகள்.

அக்கா விளக்கைச் சுவரின் மேல் திருப்பினாள்.

வெளிப்பக்கம் நாங்கள் பார்த்தது வெறும் கல். இந்தப் பக்கம் முழுக்கக் களிமண் பூச்சு. கீழே நிதானமாக, மேலே போகப் போக அவசரமாக. கடைசி வரிசையில் விரல்கள் இழுத்த தடம் அப்படியே காய்ந்திருந்தது.

"உள்ள இருந்து பூசியிருக்கார்டா" என்றாள்.

கூரை முழுக்கப் புகைக்கரி. அந்தக் காலத்தில் பாறையைப் பிளக்கத் தீ மூட்டுவார்கள். அந்தத் தீ முட்டுக்கொடுத்த மரங்களுக்குத் தாவியிருக்கிறது. கரிந்த கட்டைகள் சரிந்து கிடந்தன. உடைத்த கல்லும் களிமண்ணும் குவிந்திருந்தது உள்ளேதான். வெளிப்பக்கப் பாறையில் துளிக் கரி இல்லை.

அக்கா கையுறையைக் கழற்றினாள். விரல் தடத்தின் அருகே கையைக் கொண்டுபோனவள், தொடாமல் எடுத்துக்கொண்டாள்.

"அந்தப் பலகையைக் கழட்டச் சொல்லு. நான் சொன்னது தப்பு. நல்லாப் படம் எடு."

ஜாக்கிரதை சந்து வழியாகத் தலையை நீட்டினார்.

"அப்போ சுவருக்கு வெளிப்பக்கம் வேலை செஞ்சவங்க?"

வாயில்வரை நீளும் அந்தப் பாதையின் மண்ணை இரண்டு வருடமாகச் சலித்திருக்கிறோம். சுத்தியல், உளி, விளக்கு எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தன.

ஒரு எலும்புகூடக் கிடைக்கவில்லை.