அம்மன் கழுத்து அரளி

கோயில் வேலியோரம் ஒரு செவ்வரளிச் செடி நின்றது. மந்தையில் எந்த ஆடும் அதில் வாய் வைத்ததில்லை. நேற்றுப் பிறந்த குட்டிகூட மோந்து பார்த்துவிட்டு விலகிப் போய்விடும்.

ஒரு வெள்ளிக்கிழமை, பூசாரி அம்மனுக்குச் சாத்திய பழைய அரளி மாலையைக் கழற்றி வேலியோரம் எறிந்தார். மந்தையிலிருந்த கிடா ஒன்று ஓடிவந்து அதைக் கவ்வியது.

"ஏய், அது என் பூதான்! முந்தாநாள் என்கிட்ட பறிச்சது. விஷம், துப்பித் தொலை!" என்று செடி கத்தியது.

"நீ வேலியில நிக்கிறவ. இது அம்மன் கழுத்துல கிடந்தது. ரெண்டும் ஒண்ணா?" என்ற கிடா, கண்ணை மூடிக்கொண்டு நாரோடு சேர்த்து மென்றது.

பொழுது சாய்வதற்குள் வாயில் நுரை தள்ளிச் செத்துப்போனது.

மந்தையே கூடிவிட்டது. தாடிக்கார வெள்ளாடு ஒன்று எல்லாம் தெரிந்ததுபோல் தலையை ஆட்டியது.

"காலையில மீன் அலசின தண்ணியைக் குடிச்சிட்டு, அதே வாயோட பிரசாதத்தைத் தின்னிருக்கான். வெள்ளிக்கிழமை வேற. அம்மா சும்மா விடுவாளா?"

"அடப் பாவிகளா, அவனைக் கொன்னது என் விஷம்!" என்றது செடி.

"பாத்தீங்களா, அம்மனோட பேரைத் தட்டிப் பறிக்கப் பாக்குறா" என்றது தாடி.

மறுநாள் விடிந்ததும் அடுத்த மாலை வந்து விழுந்தது. ஆடுகள் எல்லாம் குளத்தில் வாயைச் சுத்தமாக அலம்பிக்கொண்டு வந்து வரிசையில் நின்றன.