நாங்க நல்லா இருக்கோம்

"சாயங்கால வேளைல கொஞ்சம் சத்தமா சிரிச்சா, பக்கத்து வீட்ல கோவிச்சுக்குவாங்களா?"

வீட்டுத் தரகர் இந்தத் தொழிலில் எத்தனையோ கேள்விகளைப் பார்த்தவர். தண்ணீர் வருமா, மழைக்கு ஒழுகுமா என்று கேட்பார்கள். சிரிப்பதற்கு அனுமதி கேட்ட முதல் ஆள் இந்த அம்மாதான்.

"பக்கத்து வீட்டுக்காரருக்குக் காது மந்தம்மா. நீங்க தாராளமா சிரிக்கலாம்" என்றார்.

கேட்டுக்கொண்டிருந்த கப்பல்காரருக்கு உச்சி குளிர்ந்துபோனது. முப்பது வருடத்துக்கு மேல் கப்பலின் இஞ்சின் அறையில் வெந்தவர் அவர். ஓய்வுபெற்று வீட்டோடு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. மிச்சக் காலத்தை எந்த ஊரில் கழிக்கலாம் என்று கணவனும் மனைவியும் ஊர் ஊராக வீடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த வயதிலும் தன்னோடு சத்தமாகச் சிரிக்க ஆசைப்படுகிறாளே என்று நினைத்ததும், கை தானாக மீசைக்குப் போனது.

மலையடிவாரத்து ஊர் அது. நடுப்பகலிலும் வெயில் சுடவில்லை, வாடகையும் கையைக் கடிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, காய்கறிப் பையோடு இரண்டு பேர் நின்று கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அவசரமாகப் போன மூன்றாமவளும் திரும்பி வந்து கூட்டத்தில் சேர்ந்துகொண்டாள். மனைவி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"படிக்கட்டு எதுவும் இல்லையே? எங்கள்ல ஒருத்தருக்கு முட்டி வலி" என்றாள் தரகரிடம்.

"இல்லம்மா, எல்லாம் ஒரே மட்டம்."

கப்பல்காரர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். இரும்பு ஏணியில் ஏறி இறங்கியே தேய்ந்த முட்டி. ஆனால் வலிக்கிறது என்று அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமலே தெரிந்து வைத்திருக்கிறாளே, பெண்டாட்டி என்றால் சும்மாவா என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

நேற்று கடலோரத்தில் ஒரு வீடு பார்த்தார்கள். ஒரே அறை, ஓர் ஆள் திரும்பும் அளவுக்கு அடுப்படி, ஜன்னலைத் திறந்தால் துறைமுகம். "உங்களுக்குன்னே கட்டின மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. "எனக்குச் சரி, உனக்கு உப்புக்காத்து ஒத்துக்காதே" என்று அவர்தான் வேண்டாமென்று சொல்லிவிட்டார். அப்படியும் அவள் அந்த வீட்டின் சொந்தக்காரரோடு தனியாக ஏதோ பேசிவிட்டுத்தான் வந்தாள். விட்டுக்கொடுப்பதில் தன்னை அடிக்க ஆள் இல்லை என்ற பெருமையில் அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

கப்பலில் இருந்த காலத்தில், துறைமுகம் வந்தால் முதல் வேலையாக இறங்கி ஓடி வீட்டுக்கு ஃபோன் போடுவார். வரிசையில் பின்னால் நிற்பவன் முதுகைச் சுரண்டுவான். என்ன கேட்டாலும் அவளிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "நாங்க நல்லா இருக்கோம். நீங்க உடம்பைப் பாத்துக்குங்க." மகள் பிறந்த சேதியைக் கேட்ட அன்றைக்கும் அதே பதில்தான். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அத்தனை கடலையும் தாண்டினார்.

"இங்க மனுஷங்க எப்படி?" என்று கேட்டாள் மனைவி.

"ஒண்ணுமண்ணாப் பழகுவாங்கம்மா. பொழுது சாஞ்சா வாசல்ல நாற்காலியப் போட்டுட்டு..."

"அந்தத் தொல்லை மட்டும் வேண்டாம்" என்று கப்பல்காரர் குறுக்கே புகுந்தார். "எங்க வீட்டு வாசல்லயும் தினம் மூணு பொம்பளைங்க வந்து உக்காந்துட்டு இருந்தாங்க. வேலை வெட்டி இல்லாத கும்பல். நான் வந்த வாரமே ஒரு அதட்டல் போட்டேன். அதோட சரி, அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்கல."

மனைவி அடுப்படியைப் பார்க்கப் போனாள். "நாலு பேர் நின்னு சமைக்கலாம்" என்று அங்கிருந்து குரல் மட்டும் வந்தது. மகள் குடும்பத்தோடு வந்தால் இடம் வேண்டுமே, அதைத்தான் சொல்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"அப்போ இதையே முடிச்சிடலாம்" என்றார்.

தரகர் முகம் மலர, வீட்டுக்காரருக்கு ஃபோன் போட வாசலுக்குப் போனார். கப்பல்காரர் அடுப்படியிலிருந்து வந்த மனைவி பக்கம் திரும்பினார். "நாம எப்போ குடி வரலாம், சொல்லு."

"ஒண்ணாம் தேதி நாங்க வந்துடறோம்" என்றாள், அவர் முகத்தைப் பார்த்து.

அவர் சிரித்துவிட்டார். "தரகர்கிட்ட பேசிப் பேசி உனக்கு நாக்கு பழகிடுச்சு. எங்கிட்ட நாமன்னு சொல்லணும். நாங்கன்னு சொன்னா, நான் அதுல சேர்த்தி இல்லன்னு ஆயிடும்."

"தெரியும்."

அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது. நடுக்கடலில் இஞ்சின் திடீரென்று நின்றுபோனால் வருமே ஓர் அமைதி, அது வந்து காதை அடைத்தது.

"நாங்கன்னா... யாரு?"

"நீங்க அதட்டி விரட்டின மூணு பேரும், நானும். பிரசவ வலி வந்தப்போ என்னைத் தூக்கிட்டு ஓடினவங்க அவங்கதான். அதுல மூத்த அக்காவுக்குத்தான் முட்டி வலி."

"அப்போ நான்?" என்று கேட்டார் அவர்.

அவள் கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். கடலோர வீட்டுச் சாவி.

"நாங்க நல்லா இருப்போம்" என்றாள், இத்தனை வருடமாக ஃபோனில் அவர் கேட்ட அதே குரலில். "நீங்க உடம்பைப் பாத்துக்குங்க."