நடு ஸ்பீக்கர்
சாயங்கால வெயில் டிவித் திரையில் சாய்ந்து விழுகிறது. பணிமுடிந்து வந்த செவிலி, புடவைகூட மாற்றாமல் ரிமோட்டும் கையுமாக நிற்கிறாள். திரையில் ஒருத்தி வாயசைக்கிறாள். மழைதான் கொட்டோ கொட்டென்று கேட்கிறது, பேச்சைக் காணோம். மூன்று வாரமாக இதே கூத்து. "உனக்குக் காது மந்தம்" என்று கணவர் தீர்ப்பே எழுதிவிட்டார். பகலெல்லாம் நோயாளிகளின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கிற காது அது. "எதையும் மாத்தாதேக்கா! சவுண்ட் செட்டிங் பிட்ஸ்ட்ரீம்ல இருந்தாத்தான் தியேட்டர் மாதிரி இருக்கும்" என்று பதறுகிறான், டிஸ்க் பிளேயரை மாட்டிக்கொடுத்த மேதாவித் தம்பி. "அதுல பேச்செல்லாம் நடு ஸ்பீக்கருக்குப் போயிடும்னு பிளேயரோட வந்த புக்ல போட்டிருக்கு. அந்த ஸ்பீக்கர் எங்கடா?" தம்பியின் பார்வை சோபாப் பக்கம் போகிறது. சோபாவுக்கு முன்னால் ஸ்பீக்கர் படம் போட்ட, பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்று; அதன்மேல் கணவரின் இரண்டு கால்களும் சொகுசாக நீட்டிக் கிடக்கின்றன. அவள் அதைப் பார்க்கிறாள், அவரைப் பார்க்கிறாள். திரையில் விரிந்த ஆடியோ அவுட்புட் பட்டியலில் மஞ்சள் பட்டை பிட்ஸ்ட்ரீமிலிருந்து ஒரு படி இறங்கி, இரண்டே ஸ்பீக்கருக்கான பிசிஎம்மில் நிற்கிறது. அழுத்துகிறாள். எல்லாச் சத்தமும் சுவரோரத்து இரண்டு ஸ்பீக்கர்களுக்கே வந்து சேர்கிறது. "கதவைத் திறக்கமாட்டேன், போ!" என்று திரைக்காரி கூடமே அதிரக் கத்துகிறாள். கணவரின் கால்கள் பெட்டியை விட்டுத் தாமாக இறங்குகின்றன. "கொஞ்சம் சத்தத்தைக் குறைம்மா." "எனக்குத்தான் காது மந்தமாச்சேங்க" என்று சொல்லி, அவள் இன்னும் இரண்டு புள்ளி ஏற்றுகிறாள்.